குழாயடிக் காற்று

மணவாளத்துறையில் கடலுக்கடியில் முதன்முதலாகக் கேட்ட மனிதக் குரல், "என் குடத்த எவடீ நகட்டி வச்சது" என்று கேட்டது. எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில் மணலைத் தடவிச் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்த தொம்மை, அது தன் மாமியார் எமரென்சியாளின் குரல் என்று உடனே கண்டுகொண்டான். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு வேளை தவறாமல் கேட்டுவரும் குரல், தண்ணீருக்கு அடியில் என்றால் மட்டும் தெரியாமல் போய்விடுமா. அவன் திடுக்கிடவில்லை. மூச்சை இழுத்தான், எமரென்சியாள் ஏசினாள். மூச்சை விட்டான், அவள் நிறுத்தினாள். மறுபடி இழுத்தான், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். அவன் விட்ட மூச்செல்லாம் குமிழியாகி மேலே போய், படகோரம் வெடித்தபோது வார்த்தைகளின் வால் மட்டும் டீ, டீ என்று வெளியே வந்தது. படகில் காவலிருந்தவன் யாரோ டீ கேட்கிறார்கள் என்று ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊற்றி வைத்தான்.

கரைக்கு வந்ததும் தொம்மை வீட்டுக்குப் போகவில்லை. காலி சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஜெசிந்தாவின் கடைக்குப் போய், புகார் சொன்னான். காற்றுக்குள் பேச்சு இருந்தது அவன் புகார் இல்லை.

"யக்கா, காத்து பாதியிலயே தீந்துட்டு. குடத்த நகட்டுனது யாருன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது."

"செலஸ்டிதான்," என்றாள் ஜெசிந்தா, வாயில் கடிக்கும் ரெகுலேட்டரின் ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல். "நேத்து கரண்டு போயி மெஷினு பாதியில நின்னுட்டு. பெறகு ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாவ. நீ போய்ச் சாப்பிடு."

அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் கடை இருந்த இடம் அப்படி. மாதா கோயிலுக்குப் பின்னால், ஒரு கைவண்டி நுழைந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து அது. மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பு, ரப்பர் சட்டை, மூழ்க இடுப்பில் கட்டும் ஈயம் என்று கடலுக்குள் இறங்க மனிதனுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கடையின் உத்தரத்தில் தொங்கும். பின்னறையில் சிலிண்டருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் கிடக்கும். அவள் புருஷன் ரைமண்ட் கப்பல் வேலைக்குத் திரும்பிப் போகுமுன் அதைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் சுத்தமான இடத்தில் இருக்க வேண்டும், புகை ஆகாது, தூசி ஆகாது, எண்ணெய் வாடை ஆகவே ஆகாது என்று கம்பெனிக்காரன் தன் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தான். கடல் பக்கம் ஐஸ் கம்பெனியின் ஜெனரேட்டர் புகைந்தது. கிழக்கே கருவாட்டுக் கொட்டகை. தெற்கே படகு பழுதுபார்க்கிறவன் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். மிச்சமிருந்தது சந்துப் பக்கம். ரைமண்ட் சுவரில் ஓட்டை போட்டு அங்கே குழாயை நீட்டினான், அதன் வாய்க்கு நேர் கீழே பஞ்சாயத்துத் தண்ணீர்க் குழாய். புகையைப் பற்றி எழுதியவன், தூசியைப் பற்றி எழுதியவன், பேச்சைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவன் ஊரில் பெண்கள் தனித்தனியாக வீட்டுக்குள்ளேயே தண்ணீர் பிடிப்பார்கள் போலிருக்கிறது. ஆக அந்தக் குழாயடியில் இரண்டு குழாய்கள் இருந்தன, ஒன்று தண்ணீரைக் கொடுத்தது, இன்னொன்று பேச்சை எடுத்துக்கொண்டது. சாயங்காலம் தண்ணீர் திறக்கிற நேரத்தில்தான் கம்ப்ரஸரை இழுக்கத் தோதான மின்சாரமும் வரும் என்பதால், ஜெசிந்தா எட்டு சிலிண்டர்களையும் ஒரே வரிசையாகக் கோத்து, முதல் குடம் வைக்கிற சத்தத்துக்கு மெஷினைப் போட்டு, கடைசிக் குடம் நகர்கிற சத்தத்துக்கு நிறுத்துவாள். இத்தனை வருஷம் பேசாத காற்று அந்த மாசம் மட்டும் ஏன் பேச ஆரம்பித்தது என்று கேட்டால், வடிகட்டிக்குள் வருஷக்கணக்காக அடைந்த பேச்சு நிறைந்துவிட்டது, இனி அங்கே இடமில்லை என்று ஊரில் பதில் சொன்னார்கள், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஜெசிந்தாவும் கேட்கவில்லை, அவளுக்கு அந்த மாசம் வேறு கவலை. டீப்டீல் என்று போனுக்குள் ஒரு கடை வந்திருந்தது, அவள் விற்கிற சாமான் எல்லாம் அதில் பாதி விலை, முக்கால் விலை. வாடிக்கையாளர்கள் வருவது நிற்கவில்லை. வந்தார்கள், துடுப்பைக் காலில் மாட்டி கடை நடுவில் வாத்து போல நடந்து பார்த்தார்கள், ரப்பர் சட்டைக்குள் நுழைந்து மூச்சடக்கிக் கண்ணாடியில் பார்த்தார்கள், அளவு சரிதானா என்று அவளிடமே கேட்டார்கள், சரி என்று அவள் சொன்னதும் அவள் கண் முன்னாலேயே போனை எடுத்து அங்கே ஆர்டர் போட்டார்கள். ஒருவன் ஊர் பின்கோடு ஞாபகமில்லாமல் அவளிடம் கேட்டான். அவள் சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமலிருக்க அவளுக்குத் தெரியாது.

இதில் கஸ்பார் வேறு. கஸ்பார் அவள் கொழுந்தன், சொந்தப் படகு வைத்துத் தானும் சங்கு குளிக்கிறவன், கடை இருந்த கட்டடம் தாயார் வழியில் அவன் பேருக்கு வந்தது. டீப்டீலுக்கு உள்ளூர் ஏஜெண்ட்டாக அவன் சேர்ந்தபிறகு, அவன் வீட்டில் பார்சல்கள் சுவர்ச் சுவராக எழுந்து, கட்டிலை விழுங்கி, அடுப்படி வாசலையும் எட்டிவிட்டிருந்தன. கெட்டவன் இல்லை. ஒரு நாள் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"மைனி, திருவிழாக் கொடி எறங்குத வரைக்கும் பாப்போம். கட ஓடுச்சுன்னா நீங்க நடத்துங்க. ஓடலன்னா எனக்குப் பார்சல் அடுக்க எடம் வேணும். நான் இப்ப பொட்டி மேல படுத்து ஒறங்குதேன்."

ஜெசிந்தா சரி என்றாள். அவன் போனபிறகு கடையைச் சுற்றிப் பார்த்தாள். இந்தக் கடைக்குள் இருக்கும்வரை அவள் ஊருக்குக் கடைக்காரி; கதவைச் சாத்திச் சாவியைக் கொடுத்துவிட்டால் மறுநிமிஷமே கப்பல்காரன் பெண்டாட்டி, வருஷத்தில் பத்து மாசம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியவள். அது அவளுக்கு ஆகாது.

இப்படி இருக்கும்போதுதான் காற்று பேசியது, ஊர் அதைப் பழக்கிக்கொண்டது. விஷயம் தெரிந்த முதல் சாயங்காலம் குழாயடியில் பெண்கள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் தண்ணீர் பிடித்தார்கள், மறுநாள் மூழ்கிச் சங்கெடுக்கிற குளியாட்கள் எல்லாரும் அலுத்துப்போய்ச் சீக்கிரமே மேலே வந்துவிட்டார்கள், சங்கும் குறைவு. அடுத்த சாயங்காலம் எமரென்சியாள், எனக்கு மறைக்க என்ன இருக்கு என்று ஆரம்பித்தாள், அதன்பிறகு அடைப்பே இல்லை. புருஷனோடு பேச்சு முறித்திருந்த ஒருத்தி, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் குழாயின் வாயைப் பார்த்துச் சொன்னாள். அவன் கடலடியில் முழங்காலிட்டு முழுக்கக் கேட்டான். கரையேறி வந்து ஒரு வார்த்தை பேசாமல் அடுப்புக்கு விறகு பிளந்து போட்டான், அது அங்கே சமாதானமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வரும்போது தக்காளி வாங்கி வா என்றார்கள். மகனுக்குப் பெண் பார்க்கிறவர்கள் அந்தப் பெண் குழாயடிக்கு வரும் நாளை விசாரித்து, அன்றைய சிலிண்டரைச் சொல்லிவைத்தார்கள். பங்குச்சாமியார் தன் பங்குக்குப் பிரசங்கத்தில் தெளிவுபடுத்தினார்: குழாயடியில் யாரோ செபமாலை சொல்ல, அதைத் தண்ணீருக்கடியில் மூச்சோடு இழுத்தால், செபமாலை சொன்ன கணக்கு இழுத்தவனுக்கு இல்லை, சொன்னவளுக்குத்தான். கோயம்புத்தூரிலிருந்து கடல் பார்க்க வந்த புதுமணத் தம்பதிகள், மீன் எதையும் பார்க்காமல், ஒரு கோழி யாருடையது என்ற வழக்கைக் கடைசிவரை கேட்டுவிட்டு, மேலே வந்து ஒருவரோடொருவர் தீர்ப்பில் ஒத்துப்போகாமல் சண்டை போட்டுக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

குளியாட்களிடம் இன்னொரு பழக்கமும் வந்தது. முதலில் உள்ளே போன பேச்சு முதலில் வெளியே வரும், ரேஷன் கடை வரிசை மாதிரி. ஆகவே சிலிண்டரில் காற்று தீரும் நேரத்தில், முந்தின நாள் குழாயடியில் யாராவது ஒருத்தி கடைசியாகச் சொன்னது வரும்: "தண்ணி நின்னுட்டு." அதைக் கேட்டதும் எல்லாரும் மேலே கிளம்பிவிடுவார்கள். காற்றளவு காட்டுகிற மீட்டர் எல்லார் இடுப்பிலும் தொங்கியது, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெசிந்தா எவ்வளவோ சொன்னாள், பார்க்கவில்லை.

சிலிண்டருக்காக வந்தவர்கள் வந்த காலோடு துடுப்பும் வாங்கினார்கள், ரப்பர் சட்டையும் வாங்கினார்கள். கடை ஓடுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் ஆண்கள் கடலுக்குள் போவதற்குச் சங்கு ஒன்று மட்டுமே காரணம் என்று நினைத்தால் அது நம் தப்பு. முதல் புதுமை தேய்ந்ததும் அவர்களுக்கு உறைக்க ஆரம்பித்தது: வீட்டிலும் அதே குரல், சந்திலும் அதே குரல், இப்போது எட்டுப் பாகத்துக்குக் கீழே, திருக்கை மீன் கூடப் பேசாமல் போகிற இடத்திலும் அதே குரல். வாயில் ரெகுலேட்டர் இருப்பதால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை. இதை மோப்பம் பிடித்த கஸ்பார் டீப்டீலுக்கு எழுதிப் போட்டான், எங்கேயோ வடக்கே ஒரு கிடங்கில் நிரப்பிய சிலிண்டர்கள் லாரியில் வந்து இறங்கின. பேசாத காற்று, பாதி விலை. அதை மூச்சாக இழுத்தால் மின்விசிறிச் சத்தம் லேசாகக் கேட்கும், அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்கும், எப்போதாவது ஒருவன் இருமுவான், அவ்வளவுதான். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆண்களுக்கு அது சொர்க்கமாக இருந்தது. பெண்கள் ஒரு வாரம் குழம்பில் உப்புப் போடவில்லை, அதற்கும் அவர்கள் அசையவில்லை. ஜெசிந்தாவின் எட்டு சிலிண்டர்களில் ஏழு மூலையில் நின்றன. தொம்மை மட்டும் தினமும் ஒன்று எடுத்தான், மாமியார் விவகாரம் எதுவரை வந்தது என்று தெரியாமல் அவனால் இருக்க முடியாது.

கொடியிறக்கத்துக்கு முந்தின சாயங்காலமும் அவள் பழைய காற்றைத் திறந்துவிட்டு எட்டையும் நிரப்பினாள். விடிந்ததும் கஸ்பார் படகில் தொம்மையும் ஏறினான். முதுகில் கஸ்பாருக்குப் பேசாத காற்று, தொம்மைக்குக் குழாயடிக் காற்று. இறங்கினார்கள். நல்ல தெளிவான தண்ணீர், சங்கும் நிறையக் கிடந்தது, கஸ்பார் நிம்மதியாகப் பொறுக்கிக்கொண்டு போனான், பொறுக்கப் பொறுக்கப் பை கனத்தது. மற்ற நாளெல்லாம் காற்றுக்கு முன்னால் சங்கு தீர்ந்துவிடும், அன்று தீரவில்லை. அவன் தலைக்குள் ஒரு மூலை, மாசக்கணக்கில் பழகிய பழக்கத்தில், அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. தண்ணி நின்னுட்டு என்று யாராவது சொல்ல வேண்டும், சொன்னால் கிளம்பலாம். மின்விசிறி சுற்றியது, டேப் கிழிந்தது, ஒருவன் இருமினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று அவன் இன்னொரு சங்குக்குக் குனிந்தான். அந்தக் குனிவில் மூச்சை இழுத்தான், வரவில்லை. மறுபடி இழுத்தான், மூடின கதவை உறிஞ்சுவது போலிருந்தது.

பையைப் போட்டுவிட்டு நீந்திப்போய்த் தொம்மையின் தோளைப் பிடித்து, காற்று இல்லை என்று கையால் கழுத்தை அறுப்பது போல் காட்டினான். தொம்மை அவசரப்படாமல், தன் இடுப்போரம் தொங்கிய உபரி வாய்க்குழாயை எடுத்து அவன் வாயில் செருகினான். கஸ்பார் இழுத்தான். காற்று வந்தது, காற்றோடு எமரென்சியாளும் வந்தாள்.

குழாயடியில் முந்தின சாயங்காலம் அவனைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். கொடியிறக்கத்துக்கு முந்தின நாள் வேறு யாரைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு பேரும் ஒரே சிலிண்டரில் மூச்சு விட்டதால் பேச்சு பங்காகத்தான் பிரிய வேண்டும், ஆனால் பயத்தில் கஸ்பார் மடக்கு மடக்கென்று இழுத்ததால் முக்கால் பங்கு அவனுக்கே போனது. மெதுவாக ஏறி வந்து, கடைசி மூன்று பாகத்தில், ரத்தத்தில் கரைந்த காற்று அடங்குவதற்காக எல்லாக் குளியாட்களும் அசையாமல் தொங்க வேண்டிய இடத்தில், அவனும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். அதைவிட மேலே போக முடியாது, போனால் மூட்டுக்கு மூட்டு வலி வந்து முடமாகிவிடும்; மூச்சை நிறுத்தவும் முடியாது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வசவு. பெட்டி மேல படுக்கிறவன் என்றார்கள், பாடைக்கு அளவெடுக்கிறான் என்றார்கள், அண்ணன் பெண்டாட்டியின் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறவனுக்குக் கடல் கூட உப்பாக இருக்காது என்றார்கள், செலஸ்டி அவன் நடையை நடந்து காட்டியிருப்பாள் போலிருக்கிறது, எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பார் இதையெல்லாம் தாங்கிக்கொண்டான். குழாயடியில் ஏச்சு வாங்காத ஆண் அந்த ஊரில் கிடையாது. அப்புறம் ஜெசிந்தாவின் குரல் வந்தது. அவள் ஒருநாளும் குழாயடியில் நின்று பேசுகிறவள் இல்லை. அன்றைக்குக் குடத்தோடு இறங்கியிருந்தாள். மேலே குழாயின் வாய் இருப்பதே மறந்துவிட்டது என்று பிற்பாடு அவள் சொன்னாள், ஊரில் பாதிப்பேர் அதை நம்பினார்கள்.

"ஏய், அவன ஏசாதீங்கடீ. நாளைக்கு வந்து கேட்டாம்னா சாவியக் குடுத்துருவேன். ஆனா அந்த ஆன்லைன் மாஸ்க்கு அவன் மூஞ்சிக்குச் சேராது. ஒடுக்கு மூஞ்சி, அண்ணனுக்கும் அப்படித்தான். ஓரத்துல தண்ணி ஏறும். அவன் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டான், ஏஜெண்ட்டுல்லா. நல்லதா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், சாவியோட சேத்துக் குடுத்துருவேன்."

மாஸ்க்குக்குள் அந்த நேரம் மூக்கு வரை தண்ணீர் நின்றது. மாசக்கணக்காக அப்படித்தான் நின்றது, மூக்கைச் சுளித்துச் சுளித்து அவன் குளித்து வந்தான், கட்டின பெண்டாட்டியிடம் கூடச் சொன்னதில்லை. மூக்குக்கு மேலே மிச்சமிருந்த பாதி எப்படி நிறைந்தது என்பதைக் கடலிடம்தான் கேட்க வேண்டும். அவன் இமையை மூடிக்கொண்டு, யாரோ தண்ணி நின்னுட்டு என்று சொல்லும்வரை கயிற்றிலேயே தொங்கினான்.

கரையில் இறங்கியவன் உடம்பு துவட்டாமல் சந்துக்குள் நுழைந்தான். தொம்மை பின்னாலேயே ஓடிவந்து, ஜெசிந்தாக்கா என்ன சொன்னாவ, எனக்குப் பாதிதான் கேட்டுது என்று கேட்டுக்கொண்டே வந்தான், கஸ்பார் நடையை எட்டிப் போட்டான். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதே பேச்சு மூலையில் நின்ற மற்ற ஏழு சிலிண்டர்களிலும் இருந்தது, அன்று சாயங்காலத்துக்குள் ஏழும் தீர்ந்து, ஊருக்கே மனப்பாடமாகிவிட்டது.

ஜெசிந்தா அவனைக் கண்டதும் எழுந்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்து, இன்னொரு கையில் மாஸ்க்கோடு நின்றாள். கஸ்பாரின் கால்களிலிருந்து சொட்டிய தண்ணீர் கடைக்குள் குட்டையாகத் தேங்கியது. அவன் சாவி இருந்த கையைப் பார்க்காமல் மாஸ்க் இருந்த கையைப் பார்த்தான். வாங்கி, வாரை மாட்டாமல் முகத்தில் சும்மா வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிவிட்டுக் கையை எடுத்தான். விழவில்லை. குனிந்து பார்த்தான், தலையை ஆட்டிப் பார்த்தான், தோல் போல ஒட்டிக்கொண்டு நின்றது.

"எவ்வளவு மைனி?" என்றான், மூக்கு அடைத்த குரலில்.

"சாவிய வாங்கிக்கிட்டா சும்மா," என்றாள் ஜெசிந்தா. "வாங்கலன்னா முழு வெல."

கஸ்பாருக்கு ஏஜெண்ட் புத்தி, கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று கேட்டும் பார்த்தான். அவள் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஈரப் பையிலிருந்து ஈர நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டி மேல் ஒட்டினான், அவள் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள், பில் போட்டாள். அவன் தன் வீட்டில் பெட்டிகளின் மேல்தான் இன்னும் படுக்கிறான், இரண்டு பெட்டி உயரத்தில் காற்று நன்றாக வருகிறது என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொள்கிறான். குளியாட்கள் ஒவ்வொருவராகக் குழாயடிக் காற்றுக்குத் திரும்பி வந்தார்கள். பாசத்தால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், உயிர்ப் பயம்தான். மீட்டரை இப்போதும் ஒருவனும் பார்ப்பதில்லை.

அன்று கொடியிறங்கி, தண்ணீர் திறந்து, ஜெசிந்தா மெஷினைப் போட்ட நேரத்தில், கஸ்பார் புது மாஸ்க்கோடு இன்னொரு முழுக்குப் போட்டுவிட்டு, ஈரக்காலோடு அந்தச் சந்து வழியாக வீட்டுக்கு நடந்தான். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிய மாஸ்க்கைக் கழற்றவில்லை. கழற்றினால் கண் தெரியும், அது எப்படிச் சிவந்திருக்கிறது என்பதும் தெரியும். பெண்கள் குடங்களை நகர்த்தி வழி விட்டார்கள். எமரென்சியாள் வாயைத் திறந்து, ஜெசிந்தாவின் கடை வாசலைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டாள். அவன் கோயில் மூலை திரும்பும்வரை ஒருத்தியும் ஒரு சொல் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டுப் பாகத்துக்குக் கீழே குளியாட்கள் அந்தக் காற்றை இழுத்தபோது, தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் வந்தது, அதன்மேல் ஈரக்கால் ஒன்று சப்புச் சப்பென்று நடந்து போகிற சத்தம் வந்தது, போய்த் தேய்ந்தது. அதற்கப்புறம் சிரிப்பு வந்தது. குழாயடி முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்த சிரிப்பு, குடம் தட்டி விழுகிற சிரிப்பு, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்கிற சிரிப்பு, நடுவில் ஜெசிந்தாவின் சிரிப்பும் இருந்தது, அதை அந்த ஊர் அதற்குமுன் கேட்டதில்லை. ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு ஆண்கள் சிரித்தார்கள். சிரித்ததில் கன்னம் மடங்கி எல்லார் மாஸ்க்கிலும் தண்ணீர் ஏறியது, கஸ்பாருடையதைத் தவிர. அவனும் அங்கேதான் இருந்தான், சிரித்துக்கொண்டு. மேலே, படகைச் சுற்றி, கடல் நெடுநேரம் கொப்பளித்துக்கொண்டிருந்தது.